"இதில் உன் பார்வை எங்கே?" என்று பேராசிரியர் கேட்டால்

என்னிடம் கேள்வி கேட்டு எழுதியிருப்பவர் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ்வழி. தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிப் பத்துப் பக்கம் அசைன்மென்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். "தகவல் எல்லாம் சரி, இதில் உன் பார்வை எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். விமர்சன நோக்கோடு படிப்பது, எழுதுவது என்றால் என்ன, அதை எப்படிக் கற்றுக்கொள்வது, அப்படி எழுதினால் மார்க் குறையாதா என்று கேட்கிறார்.

முதலில் ஒரு விஷயம்மா. உங்கள் பேராசிரியர் அந்தக் கட்டுரையைப் படித்திருக்கிறார். பக்கத்தை எண்ணி மார்க் போடுகிற வழக்கம் நம் கல்லூரிகளில் எவ்வளவு பரவலானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அதைத் திட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

'பார்வை' என்று கேட்டதும் பெரும்பாலான பிள்ளைகள் கடைசிப் பத்தியில் "என்னைப் பொறுத்தவரை இக்கோயில் தமிழினத்தின் பெருமை" என்று ஒரு வரி சேர்த்துக் கொண்டுவருவார்கள். அதை யார் மறுக்கப் போகிறார்கள்? யாருமே மறுக்க முடியாத வாக்கியத்தில் எழுதியவரின் யோசனை ஏதும் இருக்காது. உங்களிடம் கேட்டது வேறு. நீங்கள் எழுதிய தகவல் உங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது, அதை ஏன் நம்பினீர்கள், அதை வைத்துக்கொண்டு எதுவரை போகலாம் என்று நினைக்கிறீர்கள் என்பதைக் காட்டச் சொல்கிறார். நான் வகுப்பில் இதை "எப்படித் தெரியும்?" என்ற இரண்டு சொல்லில் முடித்துக்கொள்வேன். படிக்கும்போது இந்தக் கேள்வியை ஆசிரியரிடம் கேட்க வேண்டும். எழுதும்போது, வாசகர் கேட்பதற்கு முன்னால் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் தலைப்பிலேயே பார்க்கலாம். "கோபுரத்தின் நிழல் தரையில் விழாது" என்ற வரி உங்கள் கட்டுரையில் இருந்ததா, தெரியாது. நான் திருத்திய பெரிய கோயில் கட்டுரைகளில் பெரும்பாலும் இருந்தது. காலையிலோ சாயங்காலமோ பிரகாரத்தில் நின்று பார்த்தாலே போதும், நிழல் தரையில்தான் கிடக்கிறது. அந்த நிழலிலேயே உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டு, நிழல் விழாத அதிசயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் குடும்பங்களை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். இது கண்ணால் பார்த்துத் தீர்க்கக்கூடிய விஷயம். "உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல்" என்பது அப்படியில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இங்கே கேட்க வேண்டியது, அதை யார் எடை போட்டார்கள் என்பது. ஒரே கல் என்று முதலில் வைத்துக்கொண்டு, அளவிலிருந்து கணக்குப் போட்டு வந்த எண் அது. கட்டடத்தை நெருங்கி ஆராய்ந்தவர்கள் அது பல துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது என்கிறார்கள். எண் இருந்தால் தகவல் உறுதியானது என்று நமக்கு ஒரு நினைப்பு. எண்ணுக்குப் பின்னால் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கலாம்.

கொஞ்சம் கடினமான இடத்துக்கு வருவோம். "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் ஆணையிட்டது ஸ்ரீவிமானத்தில், அதாவது கருவறை மேல் எழும் அந்தக் கோபுரத்தின் அடிப்பகுதிச் சுவரில், பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்த வரியை மேற்கோள் காட்டாத கட்டுரை அபூர்வம். காட்டிய கையோடு "இதிலிருந்து மன்னன் எளியோரையும் சமமாக மதித்தான் என்பதை அறியலாம்" என்று அடுத்த வரி ஓடிவரும்.

அறியலாமா? நிதானமாகப் பாருங்கள். இது எந்த மாதிரி ஆவணம்? கோயிலுக்கு வந்த கொடைகளின் பதிவு. யார் சொல்லி வெட்டியது? கொடுத்தவர்களில் முதல் ஆளே. இதில் இடம் பெறுகிறவர் யார்? கொடுத்தவர். கல் இழுத்தவர்கள், சாரம் கட்டியவர்கள் இந்த வரிக்குள் வருவதற்கு வழியே இல்லை, ஏனென்றால் இது கொடுத்தவர் பட்டியல். தன்னோடு சேர்த்து மற்றவர்களின் கொடையும் பதிவாக வேண்டும் என்று மன்னன் நினைத்தான் என்பது வரை கல்வெட்டு நம்மைக் கூட்டிக்கொண்டு போகும். 'சமமாக மதித்தான்' என்பது அங்கிருந்து நாம் தாவுகிற தாவல். தாவவே கூடாது என்று சொல்லமாட்டேன். தாவுகிறோம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், படிப்பவருக்கும் சொல்லிவிட வேண்டும்.

அதே கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிக்காகக் குடியமர்த்தப்பட்ட ஆடல் மகளிரின், பட்டியல் ஒன்று இருக்கிறது. தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவர், பெயர் என்ன என்று ஒவ்வொருவராக வரும். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். இதைப் படித்துவிட்டு ஒரு மாணவர் "மன்னன் கலைஞர்களைப் போற்றினான்" என்று எழுதுவார். இன்னொருவர் "பெண்களைக் கட்டாயப்படுத்திக் கொண்டுவந்தார்கள்" என்று எழுதுவார். கல்வெட்டு இரண்டையும் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் விரும்பி வந்தார்களா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. ஆனால் பல ஊர்த் தளிகளில் இருந்த 400 பேரைத் தலைநகரில் குடியமர்த்தி, அவர்களுக்கு ஆண்டாண்டுக்கும் நெல் அளக்க ஏற்பாடு செய்யும் அதிகாரமும் கணக்கு வைக்கும் ஆட்களும் அந்த அரசிடம் இருந்தது என்பதற்கு அது நேரடியான சான்று. "விருப்பமா, வற்புறுத்தலா என்று இந்தக் கல்வெட்டிலிருந்து சொல்ல முடியாது, ஆனால் இதைச் சொல்ல முடியும்" என்று ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள் என்றால், பார்வை எங்கே என்ற கேள்வியே வந்திருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோயிலைக் கரிகாலன் கட்டியதாகச் சொன்ன தலபுராணமும் உண்டு. ஹுல்ஷ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான், ராஜராஜன் கட்டியது என்பது ஐயமில்லாமல் நிலைபெற்றது. அத்தனை காலமும் பதில் சுவரிலேதான் இருந்தது. பூசைக்கு வந்துபோனவர்கள் தினமும் அதைக் கடந்துதான் போனார்கள்.

இப்படிக் கேள்வி கேட்டுப் படிப்பதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நம் மரபு குரு சொன்னதைக் கேட்டுக்கொள்வது என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் நன்னூலைத் தமிழ்ப் பாடத்தில் இரண்டு மார்க்குக்காவது படித்திருப்பீர்கள். அதன் பாயிரத்தில் எழுவகை மதம் என்று ஒரு சூத்திரம் வரும். மதம் என்றால் இங்கே கொள்கை, கருத்து. பிறர் கருத்துக்கு உடன்படல், மறுத்தல், முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைதல், தானே ஒன்றை நாட்டி அதை நிறுவுதல், இரண்டு பேர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், எதிலும் சேராமல் தன் மதம் கொள்ளல். 13-ம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவர் எழுதிய இந்த ஏழைவிடச் சுருக்கமான ஆய்வெழுத்துக் கையேட்டை நான் பார்த்ததில்லை. இதில் முதலில் நிற்பது உடன்படல் என்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். விமர்சனம் என்றாலே குறை சொல்வது என்று எண்ணிக்கொண்டு, இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் "எல்லாமே கட்டுக்கதை சார்" என்று பேசத் தொடங்கிவிடும் பிள்ளைகள் உண்டு. எல்லாவற்றையும் நம்புவதற்கு எவ்வளவு யோசனை தேவையோ, எல்லாவற்றையும் மறுப்பதற்கும் அவ்வளவுதான் தேவை. காரணம் காட்டி உடன்படுவதற்கு அதைவிட அதிக உழைப்பு வேண்டும்.

அதே பாயிரத்தில் நூலுக்கு ஆகாத குற்றம் பத்து என்றும் சொல்லியிருக்கும். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், வெற்றெனத் தொடுத்தல் (பொருளில்லாமல் சொற்களை அடுக்குவது), சென்று தேய்ந்து இறுதல் (போகப் போகத் தேய்ந்து முடிவது). அசைன்மென்டை எழுதி முடித்ததும் இந்த நான்கை மட்டும் வைத்துத் திரும்பப் படியுங்கள். பத்துப் பக்கம் நான்காகிவிடும்.

இதைக் கையால் செய்து காட்டிய ஒருவர் நம் பக்கத்துக்காரரே. பாபநாசத்தை ஒட்டிய உத்தமதானபுரத்துக்காரர், 1855-ல் பிறந்த உ.வே.சாமிநாதையர். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதியும் கலம்பகமும் தலபுராணமும் கரைத்துக் குடித்தவர். முன்சீப்பாக (நீதிபதியாக) இருந்த சேலம் ராமசாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணி என்ற சமணக் காப்பியத்தைப் படித்ததுண்டா என்று கேட்ட கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதைவிட, அதற்குப் பின் அந்த நூலைப் பதிப்பிக்க அவர் செய்த வேலைதான் முக்கியமாகப் படுகிறது. ஏட்டைப் பிரித்தால் பாட்டு எது, உரை எது என்றே பிரித்தறிய முடியாத இடங்கள். ஒரு சுவடியில் இருக்கும் பாடம் இன்னொன்றில் இல்லை. சமண சமயச் சொற்கள் புரியவில்லை. அவர் தெரிந்ததுபோல நடிக்கவில்லை. கும்பகோணத்தில் இருந்த சைனர் வீடுகளுக்குப் போய், சிந்தாமணியைப் பரம்பரையாகப் பாடம் கேட்டு வந்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டார். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எங்கெங்கிருந்தோ வரிகளை எடுத்துக்காட்டுவார், நூற்பெயரைப் பல இடங்களில் சொல்லமாட்டார். அந்த வரிகள் எந்த நூலில் உள்ளவை என்று தேடப் போன வழியில்தான் சங்க நூல்களே அவர் கைக்கு வந்து சேர்ந்தன. சிந்தாமணி 1887-ல் அச்சேறியது, பத்துப்பாட்டு 1889-ல், புறநானூறு 1894-ல். நீங்கள் சலிப்போடு கடந்துபோகும் அடிக்குறிப்பு இருக்கிறதே, அதைப் பின்தொடர்ந்து போனவர் கண்டெடுத்த நூல்களைத்தான் இன்று நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம்.

பழைய நூலும் கல்வெட்டும் உங்களுக்கு எட்டாததுபோலத் தெரிந்தால், அன்றாடச் செய்தியில் பழகலாம். டெல்டாவில் பிறந்த நமக்குக் காவிரியைவிட நல்ல பயிற்சிக்களம் கிடையாது. வீட்டில் எல்லாருக்கும் அதைப் பற்றி ஒரு கருத்து உண்டு, ஆளுக்கொரு எண்ணும் உண்டு. "நடுவர் மன்றம் 205 டிஎம்சி கொடுத்தது, பிறகு 192 ஆக்கினார்கள், கடைசியில் சுப்ரீம் கோர்ட் 177.25 ஆகக் குறைத்துவிட்டது" என்று டீக்கடையில் கேட்டிருப்பீர்கள். மேடையிலும் கேட்டிருப்பீர்கள். எண்கள் மூன்றும் உண்மையானவைதான். வரிசையாக வைத்ததில்தான் சிக்கல்.

1991-ல் வந்த இடைக்கால உத்தரவில் 205 டிஎம்சி (டிஎம்சி என்றால் ஆயிரம் மில்லியன் கன அடி) என்பது மேட்டூர் அணைக்கு வந்து சேர வேண்டிய அளவு. 2007 பிப்ரவரி 5-ல் வந்த இறுதித் தீர்ப்பில் 192 என்பது மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்க வேண்டியது. பிலிகுண்டுலுவைத் தாண்டி மேட்டூருக்கு வரும் வழியில் நம் பக்கத்துப் பிடிப்புப் பகுதியிலிருந்தும் ஆற்றில் தண்ணீர் சேர்கிறது. அளக்கும் இடமே மாறிவிட்ட பிறகு 205-ல் 192-ஐக் கழித்து '13 டிஎம்சி போச்சு' என்று சொல்ல முடியாது. ஆனால் 192-ம் 177.25-ம் ஒரே இடத்து அளவு. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் 14.75 டிஎம்சி குறைந்தது உண்மையான குறைவு.

அதோடு நிற்காதீர்கள். இறுதித் தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கு 419 என்றும் படித்திருப்பீர்கள். 419-ஆ, 192-ஆ? இரண்டும்தான். காவிரிப் படுகை முழுவதிலும் கிடைப்பதாகக் கணக்கிட்ட 740 டிஎம்சியில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7, சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது 4. இந்த 419-ல் நம் மாநிலத்துக்குள்ளேயே பெய்து ஓடும் தண்ணீரும் அடக்கம். 192 என்பது கர்நாடகம் எல்லையில் விட வேண்டியது மட்டும். கர்நாடகத்துப் பத்திரிகை 'தமிழ்நாட்டுக்கு 419, எங்களுக்கு 270' என்று தலைப்புப் போட்டால் அவர்களுக்கு அநியாயம் நடந்ததுபோல இருக்கும். நம் பத்திரிகை 192-ஐ மட்டும் போட்டால் நமக்கு அநியாயம் நடந்ததுபோல இருக்கும். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை.

அந்த 14.75 ஏன் குறைந்தது என்று தீர்ப்புக்குள் போனால் இன்னும் சுவாரஸ்யம். டெல்டாவில் 20 டிஎம்சி நிலத்தடி நீர் இருப்பதாக நடுவர் மன்றம் குறிப்பிட்டிருந்தது, ஆனால் பங்கீட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. அதில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். மீதி 4.75 பெங்களூரு நகரத்தின் குடிநீருக்கு. இப்போது உங்களுக்கு ஒரு நிஜமான கேள்வி கிடைத்துவிட்டது: கடலோரத்தில் உப்பு ஏறிக்கொண்டிருக்கும் ஊர்களில் நிலத்தடி நீரை 'இருக்கும் தண்ணீர்' என்று எண்ணலாமா? வேதாரண்யம் பக்கத்து ஆளிடமும் ஒரத்தநாட்டில் போர் போட்டிருக்கும் ஆளிடமும் கேட்டால் வேறு வேறு பதில் வரும். 'காவிரிப் பிரச்சினை: ஒரு பார்வை' என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட, இந்த ஒரு கேள்வியை வைத்து மூன்று பக்கம் எழுதுவது எவ்வளவோ மேல்.

எண்ணைப் போலவே வினைச்சொல்லையும் கவனிக்க வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் நடந்ததை நான்கு விதமாக எழுதலாம். "குடிசை தீப்பற்றி 44 பேர் இறந்தனர்." "கூலித் தகராறில் 44 பேர் பலி." "44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர்." "கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும், குடிசைக்குள் வைத்து நிலவுடைமையாளர் தரப்பினர் எரித்துக் கொன்றனர்." எண்ணிக்கை நான்கிலும் ஒன்றே. முதல் வாக்கியத்தில் கொன்றவரே இல்லை, தீதான் இருக்கிறது. இரண்டாவதில் இரு தரப்புக்கும் சம பங்கு இருப்பதுபோல ஒரு தொனி. மூன்றாவதில் கொலை உண்டு, கொலையாளி இல்லை. ஒரு வாக்கியத்தைப் படிக்கும்போது எழுவாய் எங்கே என்று தேடுங்கள். எழுவாயைக் காணோம் என்றால் பல நேரம் அது தற்செயலாகத் தொலைந்ததில்லை. அதே சமயம் நான்காவது வாக்கியத்தை எழுதுகிறவர் பொறுப்பும் ஏற்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது என்பதையும் அவர் சொல்லியாக வேண்டும், அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை என்றால் ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

இனி எழுதுவது. இதற்கு ஒரு மாதிரி காட்டுகிறேன். இரண்டும் நானே உங்களுக்காக எழுதியவை. நெல் கொள்முதல் பற்றி ஒரு மாணவர் வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்:

"டெல்டா விவசாயிகள் இன்று பெரும் துன்பத்தில் வாடுகின்றனர். விளைவித்த நெல்லை விற்க முடியாமல் தவிக்கின்றனர். இந்நிலை மாற அரசு உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்."

இதில் தவறு ஒன்றும் இல்லை. பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. எந்த மாவட்டத்தில், எந்த ஆண்டில் எழுதினாலும் பொருந்தும். இப்போது இதைப் பாருங்கள்:

"நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்கமாட்டார்கள். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் வருகிறது, சம்பா அறுவடை தைப் பனியில் வருகிறது. உலர்களம் இல்லாத ஊரில் விவசாயி நெல்லைத் தார் ரோட்டில் கொட்டிக் காய வைக்கிறார், ராத்திரி தார்ப்பாய் போட்டுக் காவல் கிடக்கிறார். ஈர நெல்லைக் குவித்தால் சூடேறி நிறம் மாறும், அரவையில் நொறுங்கும் என்பதால் வரம்பே கூடாது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு ஆண்டும் தளர்வு கேட்பதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போவதும், சில பருவங்களில் தளர்வு கிடைப்பதும் வழக்கமாகிவிட்டன. தளர்வு வருவதற்குள் நெல் முளைத்துவிடுகிறது. ஆகவே வரம்பைத் தளர்த்துவதைவிட, காய வைக்கும் செலவு யாருடையது என்பதே தீர்க்க வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன்."

இரண்டாவதில் 'நினைக்கிறேன்' என்பது கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் வந்த ஒவ்வொரு வரியும் அந்தக் கருத்துக்கு முட்டுக்கொடுக்கிறது. எதிர்த்தரப்பின் நியாயம் ஒரு வரியில் இருக்கிறது, அதுவும் கேலியாக இல்லாமல். முக்கியமாக, இதை ஒருவர் மறுக்க முடியும். "இல்லை, தளர்வை நிரந்தரமாக்கினாலே போதும்" என்று சொல்லும் ஆள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார். அவர் வாயைத் திறக்க இடம் கொடுக்கிற வாக்கியம்தான் உங்கள் பார்வை. இந்தப் பத்தியை எழுத நூலகம்கூட முதலில் தேவையில்லை. ஒரு காலைப்பொழுது கொள்முதல் நிலையத்தில் நின்று, ஈரப்பதமானியில் என்ன காட்டுகிறது, யாருடைய மூட்டையைத் திருப்பி அனுப்புகிறார்கள், சிப்பத்துக்குக் கூடுதலாகக் கை மாறுவது ஏதும் உண்டா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வர வேண்டும். குறிப்பு எடுக்கும்போது நீங்கள் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது, நீங்களாக ஊகித்தது மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பிரிக்க முடியாது.

தினசரிப் பழக்கத்துக்கு இவ்வளவு போதும்: ஒரு கட்டுரையைப் படித்து மூடிவிட்டு, ஆசிரியர் சொல்லவந்ததை ஒரே வாக்கியத்தில், அவரே படித்தால் தலையசைக்கும்படி எழுதுங்கள். அது வராமல் விமர்சனத்துக்குப் போகாதீர்கள். அதற்குக் கீழே, அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று ஒரு வரி. அதற்கும் கீழே, எது சொல்லப்படவில்லை என்று ஒரு வரி. பென்சிலால் புத்தக ஓரத்தில் எழுதலாம், நூலகப் புத்தகமாக இல்லாத பட்சத்தில்.

ஆங்கிலம் தடையாக இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும். தமிழில் ஒரு வாதத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் சொற்கள்தான் தடை, அகராதி போதும். ஆங்கிலம் சரளமாக இருந்தும் இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். தஞ்சாவூர் பக்கம் போகும்போது சரஸ்வதி மகால் நூலகத்துக்குள் ஒருமுறை போங்கள். போக முடியாத நாளில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகளைப் பைசா செலவில்லாமல் போனிலேயே படிக்கலாம்.

சாட்ஜிபிடி பற்றியும் கேட்பீர்கள். அதனிடம் கட்டுரையை எழுதி வாங்கினால் மேலே காட்டிய முதல் மாதிரிதான் வரும், இன்னும் கொஞ்சம் மினுமினுப்பாக. இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டுத் தருவதும் உண்டு. நீங்கள் எழுதி முடித்த பிறகு "இதை எப்படி மறுப்பாய்?" என்று அதனிடம் கேட்டுப் பாருங்கள், அதற்குப் பயன்படும். அது சொல்கிற ஆதாரத்தை மட்டும் உங்கள் கண்ணால் பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

மார்க் விஷயம். மழுப்பாமல் சொல்கிறேன், குறையலாம். செமஸ்டர் விடைத்தாளைத் திருத்துகிறவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது, அவருக்கு நேரமும் கிடையாது, உபதலைப்புகளைத் தேடுவார். அங்கே அவர் தேடுகிற தலைப்புகளைப் போட்டு, பாடத்தில் உள்ளதைச் சுருக்கமாக எழுதிவிடுங்கள். கடைசிப் பத்தியில் ஒரே ஒரு சான்றை எடுத்து அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று நான்கு வரி எழுதுங்கள். பொறுமையாகப் படிப்பவர் கையில் சிக்கினால் லாபம், சிக்காவிட்டாலும் நட்டமில்லை. அசைன்மென்ட்டில் முழுச் சுதந்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வகுப்பில் சொன்ன கருத்திலிருந்து விலகுவதாக இருந்தால், முதலில் அவருடைய கருத்தை அவரைவிடத் தெளிவாக எழுதிவிட்டு, எந்த இடத்தில், எந்தச் சான்றால் விலகுகிறீர்கள் என்று பக்க எண்ணோடு குறிப்பிடுங்கள். அப்படியும் முகம் சுளிக்கிற ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் பாடத்தில் மட்டும் நோட்ஸில் இருப்பதை எழுதிக் கொடுத்துவிட்டு, உங்கள் கட்டுரையைத் தனியாக ஒரு நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஏ. சேரும்போது புராஜெக்டுக்கு என்ன தலைப்பு எடுப்பது என்று மற்றவர்கள் அலைவார்கள், உங்களிடம் நாலைந்து தயாராக இருக்கும்.